தனியாக நடந்த கூட்டம்

ரயில் நிலைய அறிவிப்பாளருக்கு யாரோடும் பேச வேண்டியிராத நேரம் என்று நாளில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விடியற்காலையில், மூடிக்கிடந்த சோப்பு ஆலையின் மைதானத்தைச் சுற்றி அவர் நடக்கும் நேரம் அது. மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடம் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டுக்கு வந்தால் மனைவி, மாமியார், மச்சான், மச்சானின் மனைவி, அவர்களுடைய இரட்டைப் பெண் குழந்தைகள். குளியலறைக் கதவைத் தாழிட்டாலும் யாராவது வெளியே நின்று கதவோடு பேசுவார்கள்.

மைதானம் அப்படியல்ல. ஆலை மூடி வெகுகாலம் ஆகியும் அந்த மண்ணில் சோப்பு மிச்சமிருந்தது. மழை பெய்த மறுநாள் நடக்க நடக்கக் காலணியின் விளிம்பில் நுரை கட்டும். சில நேரம் ஒரு குமிழி தானாக எழும்பி, முழங்கால் உயரம் வரை வந்து, யாருக்கும் எதையும் அறிவிக்காமல் உடைந்துபோகும். அறிவிப்பாளர் நின்று அதைப் பார்ப்பார். பிறகு ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்குவார்.

இந்த நேரத்துக்குத்தான் நடைப்புள்ளித் திட்டத்தால் கேடு வந்தது.

திட்டம் எளிமையானது. காலையில் நடப்பவர்களின் அடிகளை அவர்களுடைய போன் எண்ணி நகராட்சிக்கு அனுப்பும். போதுமான அளவு நடந்தவர்கள் எந்த அரசு அலுவலகத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நடக்காதவர்கள் நிற்கட்டும் என்று நகராட்சி முடிவெடுத்திருந்தது.

"என்னங்க, நீங்க நடக்கத்தானே போறீங்க? என் போனையும் எடுத்துட்டுப் போங்களேன். அது பாட்டுக்குப் பைக்குள்ள கிடக்கும்," என்றாள் மனைவி.

மறுநாள் மாமியார் தன் போனை நீட்டினார். "மாப்பிள்ளை, என் முட்டிக்கு இந்த ஜென்மத்துல நடையெல்லாம் இல்ல. போனாவது நடந்துட்டு வரட்டும்."

"மாமா, என்கிட்ட ரெண்டு இருக்கு," என்றான் மச்சான். "ஒண்ணு மட்டும் நடந்தா இன்னொண்ணு கோவிச்சுக்கும்."

செய்தி படிக்கட்டு வழியாக இறங்கிக் கட்டடம் முழுவதும் பரவியது. கீழ்வீட்டுப் பல் மருத்துவர் தன்னுடையதையும் தன் உதவியாளருடையதையும் கொண்டுவந்தார். மொட்டைமாடியில் புறா வளர்ப்பவர் கொண்டுவந்தார். எதிர்க் கட்டடத்துக்காரர்கள்கூட வந்தார்கள். மூன்றாம் மாடித் தையற்கார அம்மாள், "சட்டைப் பையெல்லாம் பிதுங்குது, பார்க்கவே நல்லாயில்ல," என்று சொல்லி ஒரு மேலங்கி தைத்துக் கொடுத்தார். முன்னும் பின்னும் உள்ளும் புறமும் பைகள். எது யாருடையது என்று குழப்பம் வரக்கூடாதென்று ஒவ்வொரு பையிலும் சிவப்பு நூலால் பூவேலை செய்திருந்தார்: 'பல்', 'புறா', 'மாமியார்', 'மச்சான் ஒன்று', 'மச்சான் இரண்டு'.

அறிவிப்பாளருக்கு மறுத்துப் பழக்கமில்லை. மறுப்புக்கென்று அவரிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: "தடங்கலுக்கு வருந்துகிறோம்." அதை ஒருநாள் வீட்டுக் கூடத்தில் நின்று சொல்லிப் பார்த்தார். நிலையத்தில் சொல்வது போலவே இருந்ததால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரட்டையர்கள் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

போன்களை ஊமையாக்கிய பிறகே தர வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. ஒருமுறை 'புறா' மறந்துவிட்டார். மைதானத்தின் நடுவில் போன் அடித்தது. அறிவிப்பாளர் எடுத்து, "நீங்கள் அழைத்தவர் தற்போது நடந்துகொண்டிருக்கிறார்," என்றார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

இப்படியாக, நாற்பது பேருக்கு மேற்பட்டவர்களை மேலங்கியில் சுமந்துகொண்டு, அவர் தனியாக நடந்தார்.

நகரின் மறுபக்கத்தில், தரவுத் துறையின் ஐந்தாம் மாடியில், ஒரு சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. மனிதர்கள் இருக்கும் இடமெல்லாம் ஆரஞ்சு நிறம். எங்கே ஆரஞ்சு திரள்கிறதோ அங்கே என்ன விற்கலாம், எதற்கு வரி போடலாம், எத்தனை பஸ் விடலாம் என்று அந்தத் துறை கணித்து, அரசுக்கும் வியாபாரிகளுக்கும் சொல்லும். துறைக்கு ஒரு விதி உண்டு: எந்த இடத்தையும் நேரில் போய்ப் பார்க்கக் கூடாது. நேரில் பார்ப்பது ஒருதலைப்பட்சமானது என்பது இயக்குநரின் கொள்கை. பார்வை கெட்டுவிடக் கூடாதென்று ஜன்னல்களுக்குக்கூடப் பால் வெள்ளைக் கண்ணாடி போட்டிருந்தார்.

ஒரு காலையில், புதிதாகச் சேர்ந்த இளம் ஆய்வாளர், வரைபடத்தில் வெறும் சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய சோப்பு ஆலை மைதானத்தில் ஓர் ஆரஞ்சுப் பொட்டைக் கண்டாள். உடனே கூட்டம் கூட்டப்பட்டது. போக்குவரத்து அதிகாரி, வங்கியிலிருந்து ஒருவர், பெரிய காலணி வியாபாரி ஒருவர் எல்லோரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"எத்தனை பேரும்மா?" என்றார் இயக்குநர்.

"நாப்பதுக்கு மேல சார். தினமும் விடியக்காலைல வர்றாங்க. வட்டமா சுத்தறாங்க. சுத்திட்டு ஒண்ணாவே கிளம்பிப் போறாங்க."

"லேட்டா வர்றவங்க?"

"யாருமில்ல சார்."

"பாதியில கழண்டுக்கறவங்க?"

"இல்ல சார். ஒருத்தரை ஒருத்தர் முந்தறதுகூட இல்ல. ஒட்டிக்கிட்டே நடக்கறாங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஊர்ல இப்படி ஒரு ஒழுக்கமான கூட்டமா? நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள பார்ப்பேன்னு நினைக்கல."

"நடுவுல நிக்கறாங்களா?" என்று காலணி வியாபாரி கேட்டார்.

"நிக்கறாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல. ஷூ கயிறு கட்டற அளவுக்கு."

"நாப்பது பேருக்கும் ஒரே நேரத்துல அவிழுதா? அப்ப நிச்சயமா மட்டமான கயிறு." வியாபாரி கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டார். "எனக்கு அங்க இடம் வேணும்."

"என்ன மாதிரி ஆளுங்க?" இது வங்கிக்காரர்.

ஆய்வாளர் பட்டியலைப் பார்த்தாள். "எல்லா மாதிரியும் சார். பல்லுக்கு மரத்துப்போற ஊசி வாங்கறாங்க, புறாவுக்குத் தீனி வாங்கறாங்க, முட்டிவலித் தைலம், தையல் நூல்…"

"பல்வேறு தேவைகள், ஒரே நோக்கம்," என்று இயக்குநர் மெய்மறந்து சொன்னார்.

"அந்த நோக்கம்தான் சார் என்னன்னு புரியல. நான் வேணா ஒரே ஒரு தடவை நேர்ல போய்ப் பார்த்துட்டு…"

அறை உறைந்துபோனது. போக்குவரத்து அதிகாரி கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார்.

"புதுசுல எல்லாருக்கும் வர்ற ஆசைதாம்மா," என்றார் இயக்குநர் கனிவாக. "கண்ணுங்கறது ஒரு ஆளோட சாட்சி. அதை நம்பி ஒரு ஊரை நடத்த முடியுமா? ஏன்னு தரவு சொல்லாது. எங்கேன்னு சொல்லும். நமக்கு அது போதும்."

மைதானம் வேகமாக மாறியது. முதலில் பஸ் நிறுத்தம் வந்தது. கூரை, ஒரு பெஞ்ச், வழித்தடப் பலகை எல்லாம் சேர்ந்து. பிறகு ஒரு தேநீர்க் கடை. பிறகு கயிறுகளுக்கென்றே தனிச் சுவர் வைத்த காலணிக் கடை. பிறகு வங்கியின் சிறு கிளை. எல்லோரும் விடிவதற்குள் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது பேருக்காகக் காத்திருந்தார்கள். அறிவிப்பாளர் தலையைக் குனிந்தபடி அவர்களைக் கடந்து போனார்.

"சீக்கிரம் வந்துட்டீங்க போல," என்று தேநீர்க் கடைக்காரர் அவரிடம் தினமும் சொன்னார். "மத்தவங்களும் இப்ப வந்துடுவாங்க."

மற்றவர்கள் வரவில்லை. ஆனால் கடைக்காரர்களிடமும் போன் இருந்தது. அவர்கள் வந்ததால் வரைபடத்தில் ஆரஞ்சு இன்னும் அகன்றது. அகன்றதால் இன்னும் கடைகள் வந்தன. தேநீர்க் கடைக்காரர் ஷூ வாங்கினார். ஷூக்கடைக்காரர் தேநீர் குடித்தார். இருவரும் வங்கியில் சில்லறை மாற்றினார்கள். வங்கிக்காரர் பஸ்ஸில் வந்தார், அந்த பஸ்ஸில் அவர் மட்டும் வந்தார். துறையின் அறிக்கை இதை எதிர்பார்ப்பை மிஞ்சிய வளர்ச்சி என்றது.

கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் ஒலிபெருக்கியும் கட்டினார்கள். அதற்கென்று புதிதாக யாரையும் பேசவைக்கவில்லை. ரயில் நிலையத்திலிருந்து பழைய பதிவுகளை வாங்கிக்கொண்டார்கள். முதல்நாள் அறிவிப்பாளர் ஒரு குமிழியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவருடைய குரலே தலைக்கு மேலிருந்து சொன்னது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இங்கே நெரிசல் அதிகமாக உள்ளது. நிற்காமல் முன்னே நகருங்கள்."

அவர் நகர்ந்தார். பத்தடி போன பிறகுதான் யாருடைய பேச்சைக் கேட்டு நகர்ந்தோம் என்று உறைத்து வெட்கப்பட்டார்.

இருந்தாலும் மண் மிச்சமிருந்தது. நுரை வந்தது. ஒரு நாள் அதற்கும் பலகை நட்டார்கள். அடுத்த மாதம் மைதானம் முழுக்கக் கான்கிரீட் போடப்போகிறார்களாம், 'நடைப்பயிற்சி செய்யும் பெருந்திரளான பொதுமக்களின் வசதிக்காக'. அறிவிப்பாளர் பலகையை, அடியில் இருந்த தரவுத் துறையின் பெயர் உட்பட, இரண்டு முறை படித்தார். மேலங்கிமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேராகத் தரவுத் துறைக்குப் போனார்.

வாசலில் இருந்த இயந்திரம் அவரைப் பார்த்ததும் நாற்பது சொச்சம் அனுமதிச் சீட்டுகளை விடாமல் துப்பியது. எல்லாவற்றிலும் 'வரிசை தேவையில்லை' என்று அச்சாகியிருந்தது. காவலர் சீட்டுகளை நாடா போலச் சுருட்டி அவரிடம் கொடுத்து, "மத்தவங்க எங்க சார்?" என்று கேட்டார்.

"உள்ள இருக்காங்க," என்றார் அறிவிப்பாளர். காவலர் உள்ளே என்றால் கட்டடத்துக்குள் என்று எடுத்துக்கொண்டு வழிவிட்டார்.

இயக்குநர் ஆய்வாளரோடு எதையோ பேசிக்கொண்டிருந்தார். அறிவிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார், சோப்பு ஆலை மைதானத்துல ஒரு கூட்டம் வருதுன்னு சொல்றீங்களே. அந்தக் கூட்டம் நான்தான்."

இயக்குநர் எழுந்து நின்று கைகொடுத்தார். "அவங்க தலைவரா? உட்காருங்க, உட்காருங்க."

"தலைவர் இல்ல சார். நான் ஒரே ஆள்."

"பெரியவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க."

அறிவிப்பாளர் மழைக்கோட்டைத் திறந்து காட்டினார். சிவப்பு நூல் வேலைப்பாடுகளையும் பிதுங்கிய பைகளையும் இயக்குநர் குனிந்து பார்த்தார். 'மாமியார்' பையை மெதுவாகத் தொட்டார்.

"இவ்வளவு பேரு அவங்கவங்க போனை உங்களை நம்பிக் குடுத்திருக்காங்கன்னா," என்றார் நெகிழ்ந்து, "தேர்தலே வேண்டாம். நீங்கதான் பிரதிநிதி."

"சார், அங்க யாருமே வர்றதில்ல. யாரும் இல்லைங்கறதாலதான் நான் போறேன். எனக்குப் பஸ் வேண்டாம், கயிறு வேண்டாம். அந்த மண்ணை மட்டும் விட்டுடுங்க."

இயக்குநரின் முகம் மாறியது. "இது உங்க தனிப்பட்ட கருத்து. நான் மதிக்கிறேன். ஆனா நீங்க ஒரு ஆளு சார். அந்தப் பக்கம் நாப்பது பேரு தினமும் வந்து நடந்து காட்டறாங்க. ஒரு ஆளுக்காக நாப்பது பேரை நான் எப்படி…"

அப்போது சுவர் அலறியது. வரைபடத்தில் தரவுத் துறை இருந்த இடம் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகிப் பொரிந்துகொண்டிருந்தது. இயக்குநர் அறையில் அளவுக்கு மீறிய கூட்டம், தரை தாங்காது. கட்டடமெங்கும் ஓர் அமைதியான குரல் ஒலித்தது: "பதற்றப்படாமல் அருகிலுள்ள வழியாக வெளியேறுங்கள்."

அதுவும் அறிவிப்பாளரின் குரல்தான். காய்ச்சலோடு பதிவு செய்தது, மூக்கடைப்பு தெரிந்தது.

துறை முழுவதும் தெருவில் வந்து நின்றது. வேலை நேரத்தில் வெளியே வந்து பழக்கமில்லாததால் பலர் வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். கூட்டத்தைக் கண்டறிந்து ஒரு பஸ் தானாக வந்து நின்றது. அதன் பின்னாலேயே தள்ளுவண்டியில் தேநீர் வந்தது.

"பார்த்தீங்களா?" என்று இயக்குநர் போக்குவரத்து அதிகாரிக்குப் போன் செய்து கத்தினார். "மைதானத்துல இருந்து கிளம்பி நம்மளையே பார்க்க வந்துட்டாங்க! எல்லாரும்!"

ஆய்வாளர் மட்டும் அறிவிப்பாளரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் பையை எண்ணிட்டேன் சார்," என்றாள் தாழ்ந்த குரலில்.

"அப்ப அவர்கிட்ட சொல்லேம்மா."

"எப்படிச் சொல்றது? நேர்ல பார்த்துட்டேனே. இனிமே என் பேச்சும் செல்லாது." அவள் பஸ்ஸைப் பார்த்தாள், தேநீர் வண்டியைப் பார்த்தாள். "கூட்டமே இல்லைன்னு உங்களால நிரூபிக்க முடியாது சார். ஆனா அது எங்க போகணுங்கறது உங்க கைல இருக்கு."

"அப்ப நான் நடக்க வேற எடம் பார்க்கணுமா?"

"நீங்க ஏன் பார்க்கணும்? கூட்டம் பார்க்கட்டும்."

அன்று மாலை அறிவிப்பாளர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். ஒரு கொக்கியிலிருந்து மேலங்கி தொங்கியது.

"நாளைலேருந்து நான் போன் எடுத்துட்டுப் போகமாட்டேன்."

"யாரோடதை?" என்றாள் மனைவி.

"யாரோடதையும். என்னோடதையும்."

"இதென்ன கூத்து!" மாமியார் தைலத்தைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை நான் ஓய்வூதிய ஆபீஸ் போகணும் மாப்பிள்ளை. இந்த முட்டியோட வரிசையில நில்லுங்கறீங்களா?"

"பல் டாக்டருக்கு என்ன சொல்றது? தையல்காரம்மா என்ன நினைப்பாங்க? பாவம், கண்ணு வலிக்கத் தச்சுக் குடுத்தாங்க," என்று மனைவி தொடங்கினாள். மச்சானின் மனைவி சேர்ந்துகொண்டாள். இரட்டையர்கள் காரணம் தெரியாமலே அழுதார்கள்.

அறிவிப்பாளர் எல்லோரும் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார். பிறகு, "தடங்கலுக்கு வருந்துகிறோம்," என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நிலையத்தில் அந்த வாக்கியத்துக்குப் பிறகு வண்டி வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த அமைதியில் மச்சான் மட்டும் கொக்கியில் தொங்கிய மேலங்கியை நோக்கி மெல்லப் போனான். சாப்பாட்டின்போது தரவுத் துறையில் நடந்ததையெல்லாம் அவன் கேட்டிருந்தான்.

"மாமா, நீங்க நின்ன எடத்துக்கு பஸ் தானா வந்துச்சா?"

"வந்துச்சு."

"டீ?"

"அதுவும் வந்துச்சு."

மச்சான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பிப் பார்த்தான். வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. "இத்தனை நாளா இதைப் போட்டுக்கிட்டு நீங்க சும்மா நடந்துட்டா இருந்தீங்க?"

அடுத்த வாரமே மச்சான் தொழிலைத் தொடங்கிவிட்டான். வியாபாரம் படுத்துக்கிடந்த ஒரு மரச்சாமான் கடை முன்னால் போய் நின்றான். பஸ் நிறுத்தம் வந்தது. ஆளில்லாத ஒரு திரையரங்கைச் சுற்றி நடந்தான். அதற்கு எதிரே வங்கி வந்தது. போகும் இடமெல்லாம் அவனுக்குக் கூடப் பேச ஆள் கிடைத்தது, அவனுக்கு அதுதான் பிடித்திருந்தது. மாமியாரின் போன் முன்பைவிட அதிகமாக நடந்தது. அவர் வெள்ளிக்கிழமை ஓய்வூதிய அலுவலகத்தில் எல்லோரையும் தாண்டிப் போய், திரும்பி வரும்போது வரிசையில் நின்றவர்களுக்கு முட்டியைப் பற்றி எச்சரித்துவிட்டு வந்தார்.

சோப்பு ஆலை மைதானம் வரைபடத்தில் மங்கியது. காலணிக் கடை கயிறுகளைச் சுருட்டிக்கொண்டு மரச்சாமான் கடைப் பக்கம் போனது. வங்கி போனது. தேநீர்க் கடைக்காரர் கடைசி நாள் அறிவிப்பாளருக்கு ஒரு கோப்பை இலவசமாகக் கொடுத்து, "மத்தவங்க வந்தா சொல்லுங்க," என்று புது முகவரியைச் சொல்லிவிட்டுப் போனார். ஒலிபெருக்கியைக் கழற்றினார்கள். இங்கே மனித நடமாட்டத்துக்கான வாய்ப்பே இல்லை என்று துறை அறிக்கை கொடுத்தது. கான்கிரீட்டுக்கு நட்ட பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பெஞ்ச் மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறாமல் அங்கேயே கிடந்தது.

மழை பெய்த ஒரு மறுநாள், விடியும் வேளையில், அறிவிப்பாளர் கைவீசி நடந்து மைதானத்துக்கு வந்தார். பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினார். பிறகு கிட்டே போனார். ஆய்வாளர். ஷூவைச் சுற்றி நுரை கட்டியிருக்க, கால்களை நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேர்ல பார்க்கக் கூடாதுன்னு விதியாச்சே?" என்றார்.

"போனை வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கேன். மேப்ல நான் இன்னும் தூங்கிட்டிருக்கேன்."

அறிவிப்பாளர் சற்றுத் தயங்கினார். "ஏதாவது பேசணுமா?"

"வேண்டாம் சார். நாள் முழுக்க அங்க பேச்சுதான்."

அவருக்கு உயிர் வந்தது. குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். இருவருக்கும் நடுவே ஒரு குமிழி எழும்பி, பெஞ்சின் கைப்பிடி வரை வந்து, சிறிது நேரம் அங்கேயே நின்றது.

"நேத்து சாயங்காலம்கூட மேப்ல பார்த்தேன்," என்றாள் அவள், அதிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க யாருமே இல்லைன்னுதான் காட்டுது."

"சரியாத்தான் காட்டுது," என்று சொல்லிவிட்டு அறிவிப்பாளர் நடக்கத் தொடங்கினார்.